பொள்ளாச்சிப் பக்கம் ஆர்சி விமான கிளப்: 5 ஏக்கர் தரிசை எப்படி அமைப்பது?

மேல்காற்று (கேள்வி)

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் 14 பேர் சேர்ந்து ஆர்சி விமானம் (தரையிலிருந்து ரேடியோ ரிமோட்டில் ஓட்டும் மாடல் விமானம்) ஓட்டுகிறோம். இதுவரை வாட்ஸ்அப் குழு மட்டும்தான். காய்ந்த குளத்தில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தோம், குளத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு தோட்டத்துக்காரர் 5 ஏக்கர் தரிசை வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். இனி ஒழுங்கான கிளப்பாக நடத்த வேண்டும் என்று ஆசை.

நிலம் கிழக்கு மேற்காக 200 மீட்டர், தெற்கு வடக்காக 100 மீட்டர். தென்புறம் வண்டித்தடம், வாசல் அங்கேதான். மேற்கே பக்கத்துக்காரரின் தென்னந்தோப்பு, மரங்கள் சுமார் 18 மீட்டர் உயரம். வடக்கே மக்காச்சோளம் போடும் காடு. கிழக்கே மேய்ச்சல் தரிசு. செம்மண், கொஞ்சம் சரளை. நடுவில் தெற்கு வடக்காக ஒரு பட்டை நன்றாகச் சமமாக இருக்கிறது. ரன்வேயை அதிலேயே போட்டுவிட்டு, ஷெட்டைத் தென்னை நிழலில் வைக்கலாம் என்று நினைக்கிறோம்.

பெரும்பாலும் 3எஸ் (மூன்று செல்) லிப்போ பேட்டரியில் ஓடும் ஃபோம் டிரெய்னர்கள், அதாவது பழகுவதற்கான விமானங்கள். இரண்டு பேரிடம் 46 அளவு (0.46 கன அங்குலம்) கிளோ என்ஜின் வைத்த பால்சா மர விமானம் இருக்கிறது. நான்கு பேர் கல்லூரி மாணவர்கள், இன்னும் தனியாக இறக்கத் தெரியாது. நிலத்தில் கரண்ட் இல்லை.

அமைப்பு சரியா? சார்ஜுக்கு என்ன வழி? சந்தா எவ்வளவு வைப்பது? சட்டப்படி என்ன பார்க்க வேண்டும்? மாணவர்களை எப்படிப் பழக்குவது?

பால்சா46

ரன்வேயைத் தெற்கு வடக்காகப் போடவே போடாதீர்கள். நீங்கள் இருப்பது பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து அடிக்கும், தை மாசியில் கிழக்கிலிருந்து வரும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வரும் காற்று. தெற்கு வடக்கு ரன்வேயில் வருடம் முழுக்கப் பக்கக்காற்றில்தான் இறக்க வேண்டும். பழகுகிறவர்கள் கையில் அது வாரத்துக்கு இரண்டு லேண்டிங் கியரைப் பிடுங்கும்.

வெயிலையும் சேர்த்துப் பாருங்கள். ரன்வே தெற்கு வடக்காக இருந்தால் பைலட் கிழக்கையோ மேற்கையோ பார்த்துத்தான் நிற்க முடியும். காலை 7 மணிக்கோ மாலை 5 மணிக்கோ சூரியன் நேராகக் கண்ணில் விழும், விமானம் அதற்குள் போனால் இரண்டு விநாடி காணாமல் போகும். அந்த இரண்டு விநாடியில்தான் விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே குழம்பும். கிழக்கு மேற்கு ரன்வே போட்டு, தென்புறம் நின்று வடக்கைப் பார்த்து ஓட்டினால் சூரியன் பெரும்பாலும் பக்கவாட்டிலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கும். உங்கள் வாசலும் வண்டித்தடமும் தெற்கே இருப்பதால் ஆட்கள் வந்து போவதும் முதுகுப்பக்கமாகவே நடக்கும். இப்படி அமைகிற நிலம் லேசில் கிடைக்காது.

தென்வேலியிலிருந்து இப்படி அளந்துகொள்ளுங்கள். முதல் 15 மீட்டர் வண்டிகளுக்கும் பார்வையாளர்களுக்கும். அங்கே இடுப்பளவு உயரத்தில் கயிறோ வலையோ கட்டுங்கள், குழந்தைகள் அதைத் தாண்டி வரவே கூடாது. 20 முதல் 28 மீட்டர் வரை விமானம் பூட்டுகிற மேஜைகள். 35வது மீட்டரில் பைலட் கோடு, ஓட்டுகிறவர்கள் நிற்குமிடம். 43வது மீட்டரில் ரன்வேயின் தென்விளிம்பு, அகலம் 10 மீட்டர். அதற்கு வடக்கே உங்கள் நிலம் 47 மீட்டர் மிஞ்சும்.

ஆனால் இறங்கத்தான் 5 ஏக்கர் போதும், பறக்கப் போதாது. டிரெய்னர் விநாடிக்கு 12 மீட்டர் போகும். ஒரு சுற்றுக்கு வடக்கே 150 மீட்டராவது வேண்டும், அதாவது பாதிச் சுற்றுக்கு மேல் மக்காச்சோளக் காட்டின் மேல்தான். வாடகைப் பேச்சை முடிப்பதற்கு முன்னால் அந்தக் காட்டுக்காரரையும் கிழக்குத் தரிசுக்காரரையும் நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். களை வெட்டும் நாளிலும் அறுவடை நாளிலும் அந்தப் பக்கம் பறக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

அடுத்தது தென்னை. காற்று 18 மீட்டர் மரத்தைத் தாண்டி வரும்போது மரத்துக்குப் பின்னால் சுழன்று கீழே அமுங்கும். மர உயரத்தைப் போல ஐந்தாறு மடங்கு தூரம் வரை அது கடுமையாக இருக்கும், பத்து மடங்கு வரை லேசாக உணர முடியும். உங்களுக்கு அது முதல் 100 மீட்டர். ஆடி மாதத்தில் மேற்கே பார்த்து இறக்கும்போது, கடைசி 2 மீட்டர் உயரத்தில் இந்தக் காற்று இறக்கையைப் பிடித்து அமுக்கும். வேகம் குறைந்த நேரம், மீள உயரமும் இருக்காது. அதனால் ரன்வேயைக் கிழக்கே தள்ளுங்கள்: தோப்பிலிருந்து 100 மீட்டர் விட்டுத் தொடங்கி 180வது மீட்டரில் முடியட்டும். 80 மீட்டர் நீளம் ஃபோமுக்கு ஏராளம், 46 அளவு என்ஜினுக்கும் போதும். ஷெட்டையும் தோப்பு நிழலில் வைக்க வேண்டாம், மட்டையும் தேங்காயும் விழும். தென்கிழக்கு மூலையில் நான்கு பைப் நட்டுத் தகரமோ கீற்றோ போட்டால் போதும்.

தரை வேலை: ஒரு உழவு, சரளையைப் பொறுக்குதல், தண்ணீர் தெளித்து ரோலர் இரண்டு ஓட்டு. மழைக்கு முன்னால் அருகம்புல் கரணை நட்டு 3 சென்டிமீட்டருக்கு வெட்டிக்கொண்டே வந்தால் ஆறு மாதத்தில் பாய் மாதிரி பிடித்துவிடும். அதுவரை பச்சை நிழல் வலையை விரிக்கலாம். வலையின் நான்கு விளிம்பையும் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணில் புதையுங்கள், நடுவே ஒரு மீட்டருக்கு ஒரு கம்பி ஆணி அடியுங்கள். விளிம்பு மேலே நின்றால் முன்சக்கரம் மாட்டி விமானம் குப்புற விழும். பழைய ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டாம், காற்றில் ஊதிக்கொண்டு எழும்பும். நெருஞ்சியை மாதம் ஒருமுறை வேரோடு பிடுங்குங்கள். அந்த முள் ஃபோம் சக்கரத்தில் ஏறினால் விமானம் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு ஓடும்.

லிப்போ3எஸ்

சார்ஜ் விஷயம் நான் சொல்றனுங்க. 3எஸ் 2200 (மில்லி ஆம்பியர்-ஹவர்) பேட்டரியில அடங்கறது சுமாரா 24 வாட்-ஹவர். சார்ஜர்ல வீணாப் போறதையும் சேர்த்தா 12 வோல்ட் பேட்டரியில இருந்து 2.4 ஆம்பியர்-ஹவர் இழுக்கும். 150 ஆம்பியர்-ஹவர் இன்வெர்ட்டர் பேட்டரி ஒண்ணு ஷெட்டுல வெச்சு, பாதிக்கு மேல காலி பண்ணாம ஓட்டினா ஒரு நாளைக்கு 30 பேட்டரி ஏத்தலாம். 14 பேருக்குத் தாராளம். 160 வாட் சோலார் பேனல் ஒண்ணு போட்டுட்டா ரெண்டு நாள் வெயில்ல அது திரும்ப நிறைஞ்சுரும், நீங்க ஞாயித்துக்கிழமைதான வரப்போறீங்க. பேனலை இரும்புச் சட்டத்துல வெல்டிங் வெச்சே மாட்டுங்க, ஆளில்லாத ஷெட்டு. இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகறப்ப ஹைட்ரஜன் விடும், அதை லிப்போ மேஜைக்கு அடியில வெக்காதீங்க.

சார்ஜ் மேஜை மேல சிமென்ட் பலகையோ டைல்ஸோ போடுங்க, மரம் வேண்டாம். 2200க்கு 2.2 ஆம்பியர், அதுக்கு மேல யாரும் வெக்கக் கூடாதுன்னு எழுதியே ஒட்டிருங்க. பேலன்ஸ் ஒயர் (ஒவ்வொரு செல்லையும் சமமா ஏத்தற ஒயர்) மாட்டாம சார்ஜ் இல்லை. சார்ஜர்ல செல் எண்ணிக்கை தப்பா வெச்சுட்டாத்தான் பெரும்பாலும் தீப்பிடிக்கும், 2எஸ் பேட்டரியை 3எஸ்னு போட்டா முடிஞ்சது கதை. ஸ்டார்ட் அழுத்தறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கறவர் திரையைப் பார்த்து செல் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லணும். கேட்க சின்ன விஷயமாத் தெரியும், விட்டுராதீங்க.

ரெண்டு பக்கெட் உலர்ந்த மணல், ஒரு நீளமான இடுக்கி, ஒரு குடம் தண்ணி எப்பவும் மேஜைக்குப் பக்கத்துல. உப்பின பேட்டரி புகைய ஆரம்பிச்சா இடுக்கியில எடுத்து வெட்டவெளி மண்ணுல வெச்சு மேல மணலைக் கொட்டுங்க. மணல் அதை அணைக்காது, சுத்திப் பரவாம பார்த்துக்கும், அவ்வளவுதான். தண்ணி சுத்தி இருக்கற காஞ்ச புல்லுக்கு. புகை அந்தப் பக்கம் போற மாதிரி காத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. விழுந்து அடிபட்ட பேட்டரியை அரை மணி நேரம் வெளியவே வெச்சுப் பார்க்கணும், உடனே கார்ல போடக் கூடாது. சித்திரை வெயில்ல பூட்டின கார்ல நல்ல பேட்டரியையே விட்டு வெக்காதீங்க.

வீட்டுக்குப் போறப்ப செல்லுக்கு 3.8 வோல்ட். முழு சார்ஜ்ல நாள் கணக்காக் கிடந்தா உப்பலாம். வீணான பேட்டரியில வண்டி இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 21 வாட், ஒண்ணை மாட்டி வெட்டவெளியில வெச்சுட்டா சில மணி நேரத்துல சுத்தமா இறங்கிரும். அப்புறம் ஒயரை ஒவ்வொண்ணா வெட்டி டேப் சுத்தி, மின்கழிவு வாங்கறவங்ககிட்டக் குடுத்துருங்க.

கிளோ என்ஜின் எரிபொருள் மெத்தனால்ங்க. பகல் வெளிச்சத்துல அதோட தீ கண்ணுக்குத் தெரியாது. அந்த ரெண்டு பேரும் சார்ஜ் மேஜையில இருந்து 10 மீட்டர் தள்ளி, தனி மேஜையில வெச்சுக்கட்டும்.

கடைசியா ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனா மோட்டார் தானா நிக்கற ஏற்பாடு. ஒவ்வொரு விமானமும் களத்துக்கு முதல் தடவை வர்றப்ப ப்ராப்பை (சுழலும் விசிறியை) கழட்டிட்டு, த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) பாதிக்கு ஏத்திட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைச்சுப் பாருங்க. ஒண்ணு ரெண்டு விநாடிக்குள்ள மோட்டார் நிக்கணும். ஓடிட்டே இருந்தா ரிசீவர் கடைசி நிலையைப் பிடிச்சு வெச்சிருக்குன்னு அர்த்தம். சிக்னல் போச்சுன்னா அந்த விமானம் பேட்டரி தீர்ற வரைக்கும் போயிட்டே இருக்கும், எங்க இறங்கும்னு யாராலும் சொல்ல முடியாது. த்ராட்டில் குச்சியைக் கீழ வெச்சு, டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் மறுபடி பைண்ட் பண்ணி (இணைச்சு) சரியான பிறகுதான் பறக்கணும். அப்புறம் ரேஞ்ச் டெஸ்ட், சிக்னல் எட்டுதான்னு பார்க்கறது, 30 தப்படி.

மேல்காற்று

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. நேற்று போய் டேப் வைத்து அளந்தோம், ரன்வேயைக் கிழக்கு மேற்காகவே போடுகிறோம். ஒரு சிக்கல்: கிழக்கு வேலியைத் தாண்டி 60 மீட்டரில் தெற்கு வடக்காக மின்வாரிய லைன் போகிறது. கம்பம் சுமார் 9 மீட்டர் உயரம். மேற்கே பார்த்து இறக்கும்போது அதற்கு மேலே வர வேண்டியிருக்குமே?

பால்சா46

மேலே வரக் கூடாது. ரன்வே முனையிலிருந்து லைன் 80 மீட்டர். கம்பிக்கு 10 மீட்டர் இடைவெளி விட்டால் அந்த இடத்தில் 20 மீட்டர் உயரம் வேண்டும். 80 மீட்டர் தூரத்தில் 20 மீட்டர் இறங்குவது ஃபோம் டிரெய்னருக்கு மிகச் செங்குத்து. எதிர்க்காற்று இல்லாத நாளில் வேகம் ஏறி, ரன்வே முழுக்க மிதந்துகொண்டே தோப்புப் பக்கம் போய்விடும்.

அதனால் சுற்றை லைனுக்கு உள்ளேயே முடியுங்கள். ரன்வேக்கு இணையாக வடக்கே 60 மீட்டர் தள்ளிக் கிழக்கு நோக்கி வாருங்கள், கிழக்கு வேலி வந்ததும் த்ராட்டிலைக் கால்வாசிக்குக் குறைத்துத் தெற்கே திருப்புங்கள், ரன்வே நேருக்கு வரும்போது மறுபடி மேற்கே. கடைசி நேர்கோடு 40 மீட்டர்தான் கிடைக்கும், பழகிவிட்டால் அது போதும். கிழக்கு வேலி இரண்டு மூலையிலும் 3 மீட்டர் கம்பம் நட்டு ஆரஞ்சு துணி கட்டிவிடுங்கள். விமானம் துணியைத் தாண்டிவிட்டதா என்று பைலட்டுக்கு அவ்வளவு தூரத்தில் சரியாகத் தெரியாது, பக்கத்தில் நிற்கும் துணையாள்தான் சொல்ல வேண்டும். கிழக்கே பார்த்து ஏறும் நாட்களில் ரன்வே முனை தாண்டியதும் வடக்கே திருப்பிவிட வேண்டும்.

கம்பியில் விமானம் மாட்டிக்கொண்டால் யாரும் தோட்டி, மூங்கில் எதுவும் நீட்டக் கூடாது, காய்ந்த மூங்கிலாக இருந்தாலும் சரி. மின்வாரியத்துக்குச் சொல்லி அவர்கள் சப்ளையை நிறுத்தி எடுத்துத் தரும்வரை அது அங்கேயே தொங்கட்டும்.

வரப்பு

பணமும் காகிதமும் நான் எழுதுகிறேன்.

சந்தாவை மனக்கணக்கில் வைக்காதீர்கள், செலவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். நில வாடகை வருடம் 40,000, புல் வெட்டும் மெஷினுக்குப் பெட்ரோல் 6,000, சில்லறைப் பழுது 10,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 56,000. 14 பேருக்கு ஆளுக்கு 4,000. மாணவர்கள் நால்வருக்குப் பாதி என்றால் 12 பங்காகிறது, முழு உறுப்பினருக்கு 4,667, மாணவருக்கு 2,333. மாணவருக்குப் பாதி வையுங்கள் என்பதே என் கருத்து, பத்து வருடம் கழித்து களத்தை நடத்தப் போவது அவர்கள்தான். ஷெட், பேட்டரி, மெஷின் எல்லாம் ஒரு தடவைச் செலவு, அதற்குச் சேர்க்கைக் கட்டணம் தனி. இரண்டையும் ஒரே கணக்கில் கலந்தால் இரண்டாம் வருட வாடகைக்குக் கையில் காசு இருக்காது. ஜனவரியில் ஒரே தவணையாக வாங்குங்கள். மாதச் சந்தா வசூலிக்கிறவர் மூன்றாம் மாதம் சலித்துவிடுவார்.

வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு எழுதி ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கலாம். ஒரு வருடத்துக்கு மேற்பட்டால் பதிவு செய்தாக வேண்டும். அதில் மூன்று விஷயம் கட்டாயம் இருக்கட்டும்: நிலத்தைத் திரும்பக் கேட்டால் 60 நாள் அவகாசம், ஷெட்டைக் கழற்றி எடுத்துப்போகும் உரிமை, வார நாட்களில் அவர் மாடு மேய்த்துக்கொள்ளும் உரிமை. மூன்றாவது உங்களுக்கும் லாபம், புல் வெட்டும் வேலை குறையும். ஓரத்தில் சாணியைப் பார்த்து ஓட வேண்டும், அவ்வளவுதான்.

சங்கமாகப் பதிவு செய்வதானால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது 7 பேர் வேண்டும், நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர். சங்கப் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி இரண்டு கையெழுத்து வையுங்கள். ஒருவர் பெயரில் வாடகை ஒப்பந்தம் இருந்தால் அவர் ஊர் மாறும்போது களமும் போய்விடும்.

ட்ரோன் விதிகள், 2021 உங்களுக்கும் பொருந்தும். 25 கிலோவுக்கு உட்பட்டு, பொழுதுபோக்குக்காக, கண்ணெதிரே ஓட்டுகிற மாடல் விமானத்துக்கு வகைச் சான்றிதழ் (அந்த ரகத்துக்கான அரசு ஒப்புதல்) தேவையில்லை. 2 கிலோ வரை வணிக நோக்கமின்றி ஓட்டினால் பைலட் சான்றிதழும் தேவையில்லை. உங்கள் ஃபோம் டிரெய்னர்கள் ஒரு கிலோவுக்குள் அடங்கும். 46 அளவு பால்சா விமானங்கள் பெரும்பாலும் 2 கிலோவைத் தாண்டும், அவற்றைத் தராசில் வைத்துப் பாருங்கள், தாண்டினால் பைலட் சான்றிதழ் வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்டவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். பதிவு எண் பற்றிய பகுதியையும் ஒவ்வொரு உறுப்பினரும் ஒருமுறை முழுதாகப் படித்துவிட வேண்டும். விதி மீறலுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வான்வெளி வரைபடத்தில் உங்கள் சர்வே எண் விழும் இடத்தைப் பாருங்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலைய வேலியிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் உங்களுக்குத் தூரம், ஆனாலும் முக்கியப் பிரமுகர் வரும் நாட்களில் தற்காலிகத் தடை வரலாம், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நிலம் ஆனைமலை புலிகள் காப்பகத்தின் ஓரம் என்றால் வனத்துறையிடம் கேட்காமல் எதுவும் தொடங்காதீர்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் களத்தின் இடம், நாள், நேரம், பொறுப்பாளர் எண் எழுதிய கடிதம் ஒன்று கொடுத்து நகலில் முத்திரை வாங்கி ஷெட்டில் ஒட்டுங்கள்.

மக்காச்சோளத்துக்குள் விமானம் விழுந்தால் எல்லோரும் உள்ளே ஓடக் கூடாது. பைலட் நின்ற இடத்திலேயே நின்று விழுந்த திசைக்குக் கை நீட்ட வேண்டும். 30 மீட்டர் தள்ளி நிற்கும் இன்னொருவரும் அப்படியே. இரண்டு கோடும் சந்திக்கும் இடத்துக்கு ஒரே ஒருவர் வரப்பு வழியாகப் போய், சால் பார்த்து உள்ளே இறங்கட்டும். தட்டு ஒடிந்திருந்தால் அன்றைக்கே காட்டுக்காரரிடம் சொல்லிப் பணம் கொடுத்துவிடுங்கள்.

எலிவேட்டர்

மாணவர்களைப் பழக்குவது பற்றி யாரும் எழுதவில்லை. நால்வரும் தனித்தனி விமானம் வாங்குவதற்கு முன் கிளப் டிரெய்னர் ஒன்று கட்டுங்கள். மேல் இறக்கை, 1.2 மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம். 2212 மோட்டார் 1000 கேவி (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று), 10க்கு 4.5 அங்குல ப்ராப், 30 ஆம்பியர் இ.எஸ்.சி. (மோட்டார் வேகக் கட்டுப்பாடு), இறக்கை வால் பலகைகளை அசைக்க 9 கிராம் சர்வோ நான்கு, 3எஸ் 2200 பேட்டரி. எல்லாம் சேர்ந்து 800 கிராமுக்குள் வர வேண்டும். சி.ஜி. (எடை மையம்) இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்டிமீட்டருக்குள். இரண்டு விரலில் தூக்கிப் பார்த்து மூக்கு லேசாகக் கீழே சாய வேண்டும். வால் சாய்ந்தால் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள், ஈயத்துண்டு ஒட்டுவது கடைசி வழி. டைமர் 6 நிமிடம். இறங்கியதும் செல்லுக்கு 3.75 வோல்ட்டுக்கு மேல் நின்றால் அரை நிமிடம் கூட்டலாம்.

களத்துக்கு வரும் முன் பிக்காசிம் சிமுலேட்டரில் 10 மணி நேரம். அது இலவசம். விமானம் தன்னை நோக்கி வரும்போது இடது வலது மாறும் குழப்பம் அங்கேயே தீர வேண்டும். விமானம் நம் பக்கம் வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு என்று சொல்லிக் கொடுங்கள், ஒரு நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

பட்டி பாக்ஸ் (பழக்குகிறவர் டிரான்ஸ்மிட்டரோடு இணைத்த மாணவர் டிரான்ஸ்மிட்டர்) இல்லாமல் யாருக்கும் குச்சி கொடுக்காதீர்கள். இரண்டு டிரான்ஸ்மிட்டரையும் கேபிளிலோ வயர்லெஸிலோ இணைத்ததும் தரையிலேயே இரண்டிலும் ட்ரிம் (நடுநிலைத் திருத்தம்) ஒன்றாக இருக்கிறதா, எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) ஒரே பக்கம் அசைகிறதா என்று பாருங்கள். ஒன்றில் தலைகீழாக இருந்தால் கை மாறிய நொடியே மூக்கு குத்திவிடும். பழக்குகிறவர் பேச்சு சுருக்கமாக இருக்கட்டும்: "விடு" என்றால் மாணவர் இரண்டு கையையும் குச்சியிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

முதல் நான்கு பேட்டரிக்கு 40 மீட்டர் உயரத்தில் சுற்று மட்டும், இடம் இரண்டு, வலம் இரண்டு. அடுத்து எட்டு வடிவம். பிறகு அதே உயரத்தில் த்ராட்டிலைக் குறைத்து, விமானம் எந்த வேகத்தில் தொய்ந்து விழுகிறது என்று காட்டுங்கள். இதைப் பழகாமல் விடுகிறவர்கள்தான் இறக்கும்போது எலிவேட்டரை இழுத்து இழுத்து ரன்வே முனையில் விழுகிறார்கள். டேக் ஆஃப் கடைசியில்தான்.

பைலட்டுகள் கோட்டில் 3 மீட்டர் இடைவெளிக்குள் நிற்கட்டும், ஒருவர் கூப்பிடுவது மற்றவருக்குக் கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் வானில் மூன்று விமானம், பழகுகிறவர் பறக்கும்போது இரண்டு. மோட்டார் நின்றவர் "டெட் ஸ்டிக்" என்று கத்தியதும் ரன்வே அவருக்கு. ரன்வேயில் ஆள் இறங்கினால் "ஆள்" என்று கத்தி, எல்லோரும் பதில் சொன்ன பிறகே காலை வைக்க வேண்டும்.

தனியாக ஓட்ட அனுமதி: மேற்கே பார்த்து ஐந்து, கிழக்கே பார்த்து ஐந்து லேண்டிங், தொடர்ச்சியாக, பழக்குகிறவர் ஒருமுறைகூடக் கை வைக்காமல். கூடவே 40 மீட்டர் உயரத்தில் த்ராட்டிலை மூடிவிட்டு மோட்டார் இல்லாமல் இரண்டு இறக்கம். ஆடியில் காலை எட்டரைக்கு மேல் காற்று 20 கிலோமீட்டரைத் தொடும், அதில் கிடைத்த லேண்டிங்கை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். ஆறரைக்கே களத்துக்கு வந்துவிடச் சொல்லுங்கள்.